ஐஸ் கம்பெனிச் சுவரும் ஒரு விரலும்

1

டேனிக்கும், வீடியோ காலில் அவன் தோளுக்குப் பின்னால் முண்டியடிக்கும் தெருப் பிள்ளைகளுக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். பூசை முடிந்து வந்த கையோடு, சட்டையைக்கூடக் கழற்றாமல், போனைப் பிடுங்கிக்கொண்டு கேட்டாய்.

"பெரியப்பா, எலீக்சனுக்கு வந்துடுவேன்னு சொன்னியே. எலீக்சனே முட்ஞ்சி போச்சி. இன்னாத்துக்கு வரல?"

பின்னாலிருந்து உன் சிநேகிதன் ஒருவன், "அவுரு அங்க பெர்ய ஆளாயிட்டாரு, இனிமே எங்க வரப்போறாரு மாமு" என்றான். உன் அப்பா சவரி அவன் தலையில் தட்டுவது தெரிந்தது. நான் சிரித்துவிட்டு, மதியம் என்ன குழம்பு என்று கேட்டேன்.

அந்தப் பையன் சொன்னது சரியில்லை. ஆனால் நீ கேட்டது சரியான கேள்வி. வருவதாகச் சொன்னேன், வரவில்லை. அதைப் போனில் சொன்னால் பாதியில் லைன் போய்விடும், இல்லாவிட்டால் உன் அப்பா நடுவில் நுழைந்து கேலி செய்வான். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். இத்தனை வருடம் எழுதியதெல்லாம் சுவரிலும் படகிலும்தான். அதுவும் அடுத்தவர் சொல்லிக் கொடுத்த வாசகம். தாளில் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் உங்கள் டீச்சரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள், என்னிடம் சொல்ல வேண்டாம்.

2

நாங்கள் இருக்கும் ஊரின் பெயர் ராஸ்நமாரா. அயர்லாந்து நாட்டின் மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுகம். உன் அப்பா இன்னும் ரசமாரா என்றுதான் சொல்கிறான். "இன்னாண்ணாத்தே, ரசத்துல எவ்ளோ மழ?" என்று கேட்பான். மழை எப்போதும் பெய்கிறது. அதனால் அந்தக் கேலிக்கு எப்போதும் வேலை இருக்கிறது.

உன் பெரியம்மா ஸ்டெல்லாவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்ததால்தான் வந்தோம். வேலை அவளுக்கு, விசா அவளுக்கு. நான் அவளோடு வந்தவன். விமான நிலையத்திலும், பிறகு இங்கே தங்குவதற்கான அட்டை வாங்கப் போன ஆபீசிலும், நான் யார் என்று கேட்டபோதெல்லாம் அந்த ஆபீசர்கள் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். டிபென்டன்ட். அப்படியென்றால் என்ன என்று உன் ஜெனி அக்காவைக் கேட்டேன். "அம்மாவ நம்பிக் கீறவங்க" என்றாள். பொய்யில்லை. ஆனாலும் நம் ராயபுரத்தில் என் 'அந்தோணி ஆர்ட்ஸ்' என்றால் காசிமேடு வரைக்கும் தெரியும். படகுக்காரர்கள் புதுப் படகு இறக்கும்போது பெயர் எழுத என்னைத்தான் தேடி வருவார்கள். அந்த வார்த்தை எனக்குள் முள்ளாக நின்றது.

இங்கே என் நாள் இப்படிப் போகும். காலையில் ஸ்டெல்லா வேலைக்குப் போய்விடுவாள். நான் சோறு வடித்து, ஜெனியைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றுவேன். முதல் வருடம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். இப்போது பஸ் ஸ்டாப்புக்கு இரண்டு வீடு முன்னாலேயே, "நீ இங்கயே நில்லு டாட்" என்பாள். பத்து வயது வரை நைனா என்று கூப்பிட்ட பெண் இப்போது டாட் என்கிறாள். தமிழ் பேசினாலும் கடைசியில் குரலை மேலே தூக்கி, எல்லாவற்றையும் கேள்வி போலவே முடிக்கிறாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் பேசுகிறார்கள்.

மதியத்துக்கு மேல் மீன் ஷெட்டில் எனக்கு வேலை. கானாங்கெளுத்தியைப் பெட்டியில் அடுக்கி ஐஸ் போட வேண்டும். உனக்குத் தெரிந்த அதே மீன்தான், கொஞ்சம் குண்டு. ஷெட்டில் சேர்ந்த புதிதில், ஊரில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார்கள். பெயின்டர் என்றேன். அடுத்த வாரமே ஒரு அம்மா வந்து தன் சமையலறைக்கு வெள்ளையடித்துத் தரச் சொன்னாள். அடித்துக் கொடுத்தேன். சும்மா விட மனசில்லாமல் சுவரின் மேல் ஓரமாக ஒரு வரிசை செம்பருத்திப் பூ போட்டேன். அந்த அம்மா ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "லவ்லி" என்றாள். மறுவாரம் போனபோது பூ இல்லை. அதன் மேல் வெள்ளை இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் பிரஷ்ஷைத் தொடவில்லை.

3

அப்போதுதான் சவரி போன் செய்தான்.

"அண்ணாத்தே, எலீக்சன் வருது. திருவொற்றியூர் ஹை ரோட்ல சுவரெல்லாம் புட்ச்சிக்கினு கீறானுங்கோ. ஆளு பத்தல. எல்லாரும் உன்னத்தான் கேக்குறாங்கோ. நீ அங்க மீனுக்கு ஐஸ் போட்டுகினு கீறன்னு சொன்னா எவனும் நம்ப மாட்றான். வந்துடுப்பா."

வந்துடுறேன் என்று அவனிடமும் உன்னிடமும் சொல்லிவிட்டு, அன்று சாயங்காலம் ஸ்டெல்லாவிடம் பேசினேன். இந்த ஊரில் எனக்கு ஒரு சுவர் கிடைக்க வேண்டும். தேர்தல் வேலை ஆரம்பிப்பதற்குள் கிடைக்கவில்லையென்றால் நான் திரும்பிப் போய்விடுகிறேன். நீயும் ஜெனியும் இங்கே இருங்கள்.

ஸ்டெல்லா யூனிபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இருந்தா சுவரு, இல்லாட்டி பிளைட்டு. அப்டித்தான?"

"அப்டி இல்ல."

"பின்ன எப்டி? நானும் பொண்ணும் ஒரு சுவத்துக்குப் பெறமாட்டோமா?"

"கை சும்மா கீது ஸ்டெல்லா. கை சும்மா இருந்தா நா கெட்டுப் பூடுவேன். உனுக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். இங்கே வந்த பிறகு நான் ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுகிறேன் என்று அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். அதனால் கோபமாக எழுந்தவள், டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"இந்த ஊர்ல சுவரு இல்லாமயா கீது?"

"கீது. ஆனா ஊரே சாம்பக் கலரு. அதுல எவனும் கை வெக்க உடமாட்டான்."

"கேட்டியா?"

கேட்கவில்லை.

4

துறைமுகத்தில் ஒரு ஐஸ் கம்பெனி இருக்கிறது. படகுகளுக்கும் மீன் லாரிகளுக்கும் அங்கேதான் ஐஸ். கடலைப் பார்த்த பக்கம் அதற்கு ஜன்னலே இல்லாத ஒரு பெரிய சுவர். ஐந்து படகை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவோ, அவ்வளவு நீளம். முதல் நாள் பார்த்ததிலிருந்தே என் கண் அதன் மேல்தான்.

கம்பெனி முதலாளி பெயர் மார்ட்டின். என் வயதுதான் இருக்கும். அவன் பேசும் இங்கிலீஷைத் தலைநகரத்து ஆட்கள் கிண்டல் செய்வார்களாம், நம் பாஷையை மவுண்ட் ரோடுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கிண்டல் செய்வது போல. ஆகவே அவன் சொன்னதையெல்லாம் நம் பாஷையிலேயே எழுதுகிறேன். அதுதான் அவனுக்குச் சரியாக வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவனிடம் போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "சார், யுவர் வால். ஐ டூ?" என்று கேட்டேன். கையால் பிரஷ் அடித்துக் காட்டினேன். அவன் ஐஸ் மிஷினின் சத்தத்துக்கு நடுவில் என்னைப் பார்த்து, "வொர்க் அவே" என்றான்.

எனக்கு வொர்க் தெரியும், அவே தெரியும். வேலையைத் தூரமாகப் போய்ப் பார் என்று சொல்லிவிட்டான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஸ்டெல்லா அதைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ, ஆஸ்பத்திரில தெனமும் அத்தத்தான் சொல்றாங்க. ஊசி போடட்டுமான்னு கேட்டா பேஷண்டே வொர்க் அவேம்பாரு. தாராளமாப் பண்ணுன்னு அர்த்தம்யா."

டேனி, இதற்குப் பிறகு நான் செய்த காரியத்தை நம் ஊர்ப் பெயின்டரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

தேர்தல் நேரத்தில் நம் ஊரில் சுவர் பிடிப்பது எப்படி என்று நீ பார்த்திருப்பாய். முதலில் சுண்ணாம்பு. அப்புறம் நான்கு மூலையிலும் கட்சிப் பெயர், ரிசர்வ், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை. அதை எழுதிவிட்டால் சுவர் நம்முடையது. படத்தைப் பிறகு நிதானமாகப் போடலாம். எழுதாமல் விட்டால் ராத்திரிக்குள் வேறொருவன் எழுதிவிடுவான், அப்புறம் அடிதடிதான். இது என் ரத்தத்தில் ஊறியது. மார்ட்டின் மனசு மாறுவதற்குள், வேறு பெயின்டர் எவனாவது மோப்பம் பிடிப்பதற்குள், சுவரைப் பிடித்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. இந்த ஊரில் வேறு பெயின்டரே கிடையாது என்பது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

இங்கே மாட்டுக் கொட்டகைக்கு அடிக்கச் சுண்ணாம்பு விற்கிறார்கள். வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் போய், கை எட்டும் உயரத்துக்குச் சுவர் முழுக்க வெள்ளை அடித்தேன். அதிசயமாக அன்று மழை இல்லை. நான்கு மூலையிலும் சிவப்பில், முழங்கை உயரத்துக்கு, நல்ல ஷேடு கொடுத்து, ரிசர்வ்டு என்று இங்கிலீஷில் எழுதினேன். கீழே அந்தோணி. ரொம்ப நாள் கழித்துப் பிரஷ் பிடித்தும் கைக்கு எழுத்து மறந்திருக்கவில்லை. அன்று பூசையில் நான் மனசு நிறைந்து உட்கார்ந்திருந்தேன்.

5

திங்கட்கிழமை காலை மார்ட்டின் என் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"சுவத்துல எழுதினது நீயா?"

"ஆமா."

"யாருக்கு ரிசர்வு?"

"எனக்கு."

"வண்டி நிறுத்தவா? உன்னாண்ட வண்டியே இல்லியேப்பா."

அவன் என்னைக் காரில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனான். ஐஸ் ஏற்ற வரும் லாரிகள் தினமும் அந்தச் சுவரை ஒட்டித்தான் நிற்கும். அன்று ஒரு லாரிகூட அங்கே நிற்கவில்லை. ரிசர்வ்டு என்று போட்டிருந்ததால் எல்லாம் மெயின் ரோட்டில் வரிசையாக நின்றன. ரோடு அடைத்துப் போய், பள்ளிக்கூட பஸ் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்த பஸ்ஸில் ஜெனி இருந்தாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். உடனே தலையைக் கீழே இழுத்துக்கொண்டாள்.

நம் ஊராக இருந்தால் அந்த எழுத்தை எந்த லாரிக்காரன் மதிப்பான்? இங்கே மதித்துவிட்டார்கள். டெக்லன் என்று ஒரு லாரி டிரைவர், பெரிய உடம்புக்காரன், இறங்கி வந்து என் முன்னால் நின்று கத்தினான். அவன் சொன்னதில் பாதி புரியவில்லை, புரிந்த பாதியை எழுத முடியாது.

நான் மார்ட்டினிடம், நம் ஊரில் சுவர் பிடிக்கும் கதையைக் கையாலும் காலாலும் சொன்னேன். அவன் கடைசி வரைக்கும் கேட்டான்.

"நீ சுவத்தக் கழுவப் போறன்னு நெனச்சிகினுதான் சரின்னேம்பா" என்றான். அப்புறம் எழுத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தான். "எழுத்து மட்டும் சோக்காக் கீது. சரி, இன்னா வரையப் போற?"

பிள்ளைகளே, நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். இருபது வருடமாகச் சுவரில் என்ன வர வேண்டும் என்று யாராவது எனக்குச் சொல்லிவிடுவார்கள். இந்தத் தலைவர், இந்தச் சின்னம், இந்தப் படகுக்கு இந்த மாதா பெயர், இந்தக் கடைக்கு இந்தச் சேவல். சுவர் வேண்டும், சுவர் வேண்டும் என்று தவித்தவன், அதில் என்ன போடுவது என்று ஒரு நாளும் யோசித்திருக்கவில்லை.

அந்த வாரமே ஊர் நிர்வாக ஆபீசிலிருந்து மெயில் வந்தது. மாதக் கடைசிக்குள் படத்தைக் காகிதத்தில் வரைந்து காட்ட வேண்டும். அவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் சம்மதம் என்றால் வரையலாம். இல்லையென்றால் சுவரை முன்பு இருந்தபடி சாம்பல் நிறத்துக்கே மாற்றிக் கொடுக்க வேண்டும். அனுப்பிய அம்மாவின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் ஆயிஃபே என்று வந்தது. நான் போன் செய்து, "குட் மார்னிங் ஆயி மேடம்" என்றேன். ஜெனி போனைப் பிடுங்கினாள். அந்தப் பெயரை ஈஃபா என்று சொல்ல வேண்டுமாம்.

அதே மாதக் கடைசிக்குள் டிக்கெட் போட்டால்தான் தேர்தல் வேலைக்கு வந்து சேர முடியும் என்று சவரி சொல்லியிருந்தான். ஆக, அந்தக் காகிதத்தில் வரப்போகும் படம்தான் நான் இருப்பதா போவதா என்று சொல்லப் போகிறது.

6

வரைந்தேன். சூரியன் கடலில் எழும்புவது, மயில், சமுத்திரத்து மாதா, பாய்மரம். ஒவ்வொன்றையும் ஜெனி சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிட்டு, "கேலண்டர்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை. எல்லாம் ஏற்கெனவே யாருக்கோ போட்டுக் கொடுத்த படங்கள்.

அந்த நாட்களில் எண்ணூர் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. நெட்டுக்குப்பத்தில் படகுக்குப் பெயர் எழுதப் போவேன். பக்கத்தில் கரண்டு கம்பெனிப் புகைக்கூண்டு. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஈரப் பெயின்டில் சாம்பல் வந்து பொடிப்பொடியாக ஒட்டும். அதற்குப் பயந்து, எழுதுகிற எழுத்தைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். யார் போனார்கள், யார் வந்தார்கள், தெரியாது. காய்வதற்குள் முடித்துவிட்டு ஓட வேண்டும். இங்கேயும் மூன்று வருடமாக அப்படித்தான் குனிந்துகொண்டே நடந்திருக்கிறேன் என்று அப்போதுதான் பட்டது.

ஒரு நாள் ஷெட்டில் வேலை முடிந்து மழையில் நடந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு கார். டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், ஆட்காட்டி விரலை மட்டும் லேசாகத் தூக்கி இறக்கினார். இது இங்கே எல்லாரும் செய்வது. வந்த புதிதிலேயே பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினால் டீச்சர் எங்கே அனுப்புவார் என்று உங்களுக்குத் தெரியும். ஊர் முழுக்க இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் எப்படி அவசரம் வரும் என்று முதலில் குழம்பினேன். அப்புறம், ஓரமாகப் போ என்று என்னை மிரட்டுகிறார்கள் என்று முடிவு செய்து, கார் வந்தாலே புல்லில் இறங்கி நின்றுவிடுவேன்.

அன்றும் இறங்கி நின்றேன். அந்தக் கார் நின்றது. மார்ட்டின்.

"ஏம்பா எப்பப் பாத்தாலும் சேத்துல எறங்குற? ஏறு."

ஏறிக்கொண்டு, விரலைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டேன்.

"எதுக்குமில்லப்பா. வணக்கம் வெக்கிறதுதான்."

"தெரிஞ்சவங்களுக்கா?"

"ரோட்ல கீறவங்களுக்கு. டூரிஸ்டுக்கு வெக்க மாட்டோம்."

"எனக்கு எப்பத்திலேந்து வெக்கிறீங்க?"

அவன் யோசித்தான். "நீ உம் பொண்ண பஸ்ல ஏத்தி உட ஆரம்பிச்சியே, அப்பத்திலேந்து."

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் உறைத்தது. வந்த முதல் வாரத்திலிருந்து இந்த ஊர் எனக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஒரு தடவைகூடத் திருப்பி வைக்காமல் புல்லில் இறங்கி நின்றிருக்கிறேன்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப்பிலேயே நின்று பார்த்தேன். வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் நானும் விரலைத் தூக்கினேன். தபால்கார அம்மாவின் கையில் ரப்பர் பேண்டு. ரொட்டிக் கடைக்காரியின் கையில் மாவு. பஸ் டிரைவர் குளிர் கையுறையில் விரல் நுனியை மட்டும் வெட்டிவிட்டிருந்தார். பாதிரியார் இரண்டு விரலைத் தூக்குகிறார், பழக்கதோஷம். ஊரில் தலைவர்களின் கையை எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன், எல்லாருக்கும் ஒரே கைதான், அட்டையில் வெட்டி வைத்திருப்போம். ஒரே அசைவை ஒவ்வொரு கையும் வேறு வேறு மாதிரி செய்வதை நான் அதுவரை பார்த்ததேயில்லை.

வீட்டுக்கு வந்து வரைய உட்கார்ந்தேன். அடுப்பில் சோறு தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். சாயங்காலம் ஜெனி காகிதத்தைப் பார்த்தாள். கேலண்டர் என்று சொல்லவில்லை. ஒரு கையின் மேல் விரலை வைத்து, "இது எங்க பஸ் மாமா" என்றாள்.

7

மாதக் கடைசியில் ஐஸ் கம்பெனி ஆபீஸ் அறையில் கூடினார்கள். ஈஃபா அம்மா, மார்ட்டின், ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர், கதவில் சாய்ந்துகொண்டு டெக்லன். என் இங்கிலீஷை நம்ப முடியாது என்பதால் ஜெனியைக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள், கடைசியில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள்.

முதலில், மேலே ஏறி வரைய என்ன சாரம் கட்டுவேன் என்று கேட்டார்கள். சவுக்குக் கட்டையும் கயிறும் போதும், நானே கட்டிக்கொள்வேன் என்றேன். ஜெனி அதை மொழிபெயர்த்தாள். ஈஃபா அம்மா மெல்ல, ஏற்றி இறக்கும் மிஷின், ஹெல்மெட், இன்சூரன்ஸ் என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அப்புறம் படத்தை மேசையில் விரித்தேன்.

ஈஃபா அம்மா தலைநகரத்திலிருந்து வந்தவர். "எல்லாரும் ஏன் விரலைக் காட்டுகிறார்கள்?" என்று கவலையோடு கேட்டார். அறையே சிரித்தது. "வெரலு மட்டும் மாறிடாமப் பாத்துக்கோப்பா" என்றான் மார்ட்டின். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. ஜெனி அதை எனக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து கைகளைத் தேட ஆரம்பித்தார்கள். இது அவள், இது அவன், இந்தக் கடிகாரம் ஓடாதே. டெக்லன் மட்டும் கதவை விட்டு வரவில்லை.

"இது சிரிப்பாப் பூடும்" என்றான். "வர்றவன் போறவன்லாம் போட்டோ புட்ச்சிகினு நம்மளப் பாத்துச் சிரிப்பான். எங்க சுவரு எங்களுக்கு இருந்தா மாதிரியே இருக்கட்டும்."

சிரிப்பு நின்றது. ஈஃபா அம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஊர்க்காரர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் யோசிக்க வேண்டியிருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார். படத்தைச் சுருட்டக் கை நீட்டினேன். எல்லாம் முடிந்தது, இன்றைக்கே சவரியிடம் டிக்கெட் போடச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

ஜெனி படத்தைத் தூக்கிக்கொண்டு கதவருகே போனாள். என்னைக் கேட்கவில்லை. அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இடது ஓரத்தில் லாரி ஸ்டியரிங் ஒன்று. அதன் மேல் பெரிய கை. ஆட்காட்டி விரல் பாதிதான் இருக்கும். படகில் கயிறு சுற்றும் மிஷினில் போய்விட்டதாம். அந்தப் பாதி விரலைத் தூக்கித்தான் அவன் எனக்கும் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தான், என்னைத் திட்டிய மறுநாளும்கூட.

டெக்லன் கதவை விட்டு நிமிர்ந்தான். தன் கையைத் தூக்கிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"தப்பு" என்றான். "நெகம் போட்டுக்கீறான். எனுக்கு அதுல நெகமே கெடையாது."

நான் பையிலிருந்து ரப்பரை எடுத்துக்கொண்டு போய், அங்கேயே நின்று நகத்தை அழித்தேன். அவன் கையை ஆடாமல் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தபோது ஈஃபா அம்மா பேனாவை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். ஜெனி தொப்பியைக் கழற்றியிருந்தாள்.

8

அனுமதி வந்த பிறகும் நான் சவரியிடம், வரவில்லை என்று சொல்லவில்லை. அதுதான் உண்மை டேனி. உன் அப்பாவிடம், "ஒரு வாரம் பொறு" என்றேன். அவனும் எனக்கு உதவிக்கு ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். சுவர் கிடைத்தால் இருப்பேன் என்று சொன்னவன் நான்தான். ஆனால் சுவர் கிடைத்ததும், முடித்துவிட்டுப் போய்விடலாமே, கடைசி நேரத்து டிக்கெட் கிடைக்காதா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. நம் தெரு, நம் பாஷை, டீக்கடையில் பெஞ்சில் குந்திப் பேசுவது, இதெல்லாம் சுவர் கிடைத்ததால் மறந்துவிடாது. ஸ்டெல்லா ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு சுவர் வழியாகத்தான் வந்தாள்.

மழைக்கு நடுவில், வெயில் வரும் நேரமாகப் பார்த்து வரைந்தேன். நிறைய கைகள். பின்னால் வானத்துக்குச் சாம்பல் நிறமே வைத்துக்கொண்டேன். ஊரில் சாம்பல் நிறத்தை அடிப்பூச்சுக்கு மட்டும்தான் கலப்போம். இங்கே அதிலேயே எத்தனை வகை இருக்கிறது என்று கலக்கக் கலக்கத் தெரிந்தது. வேலை நடக்கும்போது லாரிகள் வழக்கம் போல வந்து நின்றன. டெக்லன் தினமும் தன் கை சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஐஸ் ஏற்றினான்.

கடைசி நாள் சாயங்காலம். ஸ்டெல்லா குடையோடு வந்து நின்றாள், ஜெனி பள்ளிக்கூடப் பையோடு. மார்ட்டினும் வெளியே வந்தான். ஹெல்மெட்டோடு மிஷினில் நின்றுகொண்டு, லாரி நின்றாலும் மறைக்காத உயரத்தில் படம் முடியும் வலது பக்கக் கீழ் மூலைக்கு இறங்கினேன்.

"பேரு போடுப்பா" என்று மார்ட்டின் கத்தினான்.

சுவரில் கையெழுத்துப் போட நமக்கு ஒரு முறை இருக்கிறது. கம்பெனிப் பெயர், ஒரு கமா, அப்புறம் ஊர்ப் பெயர். ஊர் எதற்கென்றால், அடுத்த வேலை இருப்பவர்கள் நம்மை எங்கே வந்து தேட வேண்டும் என்று தெரிவதற்கு. சின்னப் பிரஷ்ஷை எடுத்து, தமிழில், 'அந்தோணி ஆர்ட்ஸ்' என்று எழுதினேன். கமா போட்டேன். இருபது வருடப் பழக்கம், கை தானாகவே 'ரா' என்று எழுதிவிட்டது. அங்கே நின்றுவிட்டேன்.

அடுத்த எழுத்து 'ய' போட்டால் ராயபுரம். 'ஸ்' போட்டால் ராஸ்நமாரா. இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான் என்பது அந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தோன்றவேயில்லை. தூறல் ஆரம்பித்தது. ஜெனி கீழேயிருந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கத்தில், "அந்தோணி ஆர்ட்ஸ், ரா" என்று சத்தமாகப் படித்துவிட்டு நிறுத்தினாள்.

ஸ்டெல்லா குடையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து மேலே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னாய்யா, மழ வர்து. எத்தயாவது ஒன்ன எழுதிட்டு எறங்கு" என்றாள்.

எழுதினேன். ஜெனி ஒவ்வொரு எழுத்தாக என்னோடு கூடவே படித்து வந்தாள்.

"இன்னா எழுதிக்கீறான் உங்கப்பன்?" என்று மார்ட்டின் அவளைக் கேட்டான்.

"ஊர்ப் பேரு."

"எந்த ஊரு?"

"நம்ம ஊரு" என்றாள் ஜெனி.

மழை வலுத்ததால் மிஷினை அவசரமாக இறக்க வேண்டியதாகிவிட்டது. 'ரா'வுக்கு அடுத்த 'ஸ்' மேல் வைத்த புள்ளி காய்வதற்குள் நனைந்து, ஒரு கோடாகக் கீழே இறங்கியிருக்கிறது. அடுத்த முறை வீடியோ காலில் சுவரைக் காட்டுகிறேன், நீயே பார். அதைத் திருத்தலாம் என்று மார்ட்டின் மிஷினைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினான். நான்தான் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து உன் அப்பாவுக்குப் போன் போட்டேன்.